புதுக்குடியிருப்பில் இருந்து மகரகமவுக்கு அம்மாவைக் கூட்டிப்போக எது நல்லம்: பஸ்ஸா, ரயிலா, வானா?

புதுக்குடியிருப்பு மகள்:
அம்மாவுக்கு அடுத்த மாதக் கடைசியில் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கிளினிக் இருக்கிறது. விடிய நேரத்தோடு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தம், அடிக்கடி கழிவறைக்கும் போக வேண்டும். சித்தப்பா ஹயேஸ் வான் பிடித்து இரவோடு இரவாகப் போய்வரலாம் என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா இரவு பஸ்தான் லேசு என்கிறார், தம்பி ரயில் என்று நிற்கிறான். காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அம்மா களைத்துப் போகாமல் டொக்டருக்கு முன்னால் போய் இருக்க வேண்டும். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
தங்கச்சி, தம்பி சொல்வதைக் கேளுங்கோ. கழிவறை ஒன்றுக்காகவே ரயில்தான். ஆட்டம் இருக்கும், பிடித்துக்கொண்டு போக ஒராள் கூட வேண்டும், ஆனால் யாரையும் கெஞ்சி வண்டியை நிற்பாட்டத் தேவையில்லை. காலை நீட்டலாம், கொஞ்ச நேரம் எழும்பி நிற்கலாம், முழங்கால்காரருக்கு அது பெரிய காரியம்.

உங்களுக்குக் கிட்ட மாங்குளமும் கிளிநொச்சியும். எல்லாக் கடுகதி ரயிலும் மாங்குளத்தில் நிற்காது, அதனால் பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போய் ஏறுங்கோ. ஆசனப் பதிவு 30 நாளைக்கு முன்னம் திறக்கும். யாழ்ப்பாணப் பக்க ரயில்களுக்கு, அதுவும் வெள்ளி, ஞாயிறு, லீவு நாள் என்றால், திறந்த கையோடு முடிந்துவிடும். ஆகவே கிளினிக் திகதியைப் பார்த்து இன்றைக்கே கணக்குப் போடுங்கோ. பதியும்போது அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், பயணத்தன்று அட்டையைக் கையில் வைத்திருங்கோ. பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் மட்டும் அம்மாவை ஏற்றிவிடாதேங்கோ, வவுனியாவோடு நிற்கவும் இடமிருக்காது.

இரவு மெயில் ரயிலில் போனால் விடியப்புறம் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இறங்கலாம், ஆனால் நித்திரையில்லாமல் நேரே கிளினிக் வரிசைக்குப் போவது பாவம். முதல் நாள் பகல் ரயிலில் போய் ஒரு இரவு தங்குங்கோ.

ஒட்டுசுட்டான் அண்ணா:
நான் அப்பாவை இரவு பஸ்ஸில் கொண்டுபோனவன், அதனால் சொல்கிறேன். நேரம் என்று பார்த்தால் பஸ் நல்லதுதான், வீட்டுக்குக் கிட்ட ஏறலாம், விடிய முன்னம் கொழும்பு. ஆனால் பஸ் தனக்குப் பழக்கமான தேநீர்க் கடையில்தான் நிற்கும். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்க ஐந்து நிமிடம் நிற்கிற பஸ், புத்தளம் தாண்டி அப்பா அவசரம் என்று சொன்னபோது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். அந்த வயதில் ஒரு மனிசனை அப்படி இருத்தி வைக்கக் கூடாது, இப்போதும் எனக்கு அது கோபம்தான். இளம் ஆட்கள் தனியாகப் போக, வர பஸ் சரி, உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

புறக்கோட்டையில் இருந்து 138 பஸ் மகரகமவுக்குப் போகும், நெரிசல். நோயாளி என்றால் பிக்மீ செயலியில் ஒரு ஓட்டோ பிடியுங்கோ. கோட்டை ஸ்டேசனில் மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டி வரலாம், அதையும் நினைத்துக்கொள்ளுங்கோ.

நெடுங்கேணி டிரைவர்:
வான் ஓடுகிறவன் என்றபடியால் வான் பற்றி மட்டும் சொல்கிறேன். வான் நல்லது, வேண்டிய இடத்தில் நிற்பாட்டலாம், ஆசனத்தைச் சாய்க்கலாம். ஆனால் சித்தப்பா சொல்கிற மாதிரி இரவோடு இரவாகப் போய் அன்றைக்கே திரும்புவது என்றால் நான் வரமாட்டேன் என்றுதான் சொல்வேன். ஒரே டிரைவர், முந்நூறு கிலோமீற்றருக்கு மேலே, பிறகு கிளினிக் முடியும் வரை வாகனத்துக்குள் வெக்கையில் இருப்பு, அதோடு திரும்ப ஓட்டம். ஏ9 வீதியில் விடியப்புறம் நித்திரைத் தூக்கத்தில் நடந்த விபத்துகள் எத்தனை என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிடிப்பதென்றால் இரண்டு டிரைவர் கேளுங்கோ, இல்லாவிட்டால் டிரைவருக்கும் ஒரு இரவு படுக்க இடம் கொடுங்கோ.

வழி என்றால் தம்புள்ளை, குருநாகல் பக்கம் போய் அதிவேக வீதியில் மீரிகம வரை இறங்கலாம், அங்கிருந்து கடவத்தை வரை அதிவேக வீதி இன்னும் முடியவில்லை, சாதாரண வீதிதான். புத்தளம், சிலாபம் வழியில் போனால் நீர்கொழும்பு தாண்டியதும் கட்டுநாயக்க அதிவேக வீதி கிடைக்கும். காலையில் கொழும்புக்குள் நுழைகிற நெரிசலை எந்த வழியிலும் தப்ப ஏலாது.

கிளிநொச்சி தாதி:
ஒரு விசயம் யாரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணப் பக்கம் தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. இந்தத் தடவை மகரகமவுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அடுத்தடுத்த கிளினிக்குகளைத் தெல்லிப்பழைக்கு மாற்ற முடியுமா என்று டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கோ. சில சிகிச்சைக்கு ஏலும், சிலதுக்கு ஏலாது, அதை அவர்தான் சொல்ல வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு வருசக்கணக்காகக் கொழும்புக்கு அலைகிற வயதான ஆட்களை நான் பார்க்கிறேன், மனம் நோகிறது. கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட், மருந்துச் சிட்டை எல்லாம் ஒரு பையில், உங்கள் கையில். மருந்து குடிக்கிற நேரம் பயணத்தில் தவறக் கூடாது.

புதுக்குடியிருப்பு மகள்:
எல்லோருக்கும் நன்றி. கொழும்பு வெள்ளவத்தையில் மாமி வீடு இருக்கிறது, முதல் நாள் பகல் ரயிலில் கிளிநொச்சியில் ஏறி அங்கே தங்குகிறோம். தம்பி சீட்டுக்குப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். கிடைக்காவிட்டால் இரண்டு டிரைவரோடு வான், சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். தெல்லிப்பழை பற்றி டொக்டரிடம் கட்டாயம் கேட்பேன் அக்கா.

மாங்குளத்தான்:
திரும்பி வருகிற சீட்டையும் அதே நாளில் பதியச் சொல்லுங்கோ, போகிற சீட்டை விட அதுதான் கஷ்டம்.