வரிசையாகச் சொன்னால் சொல்கிறார்கள், நடுவில் ஒரு எழுத்தைக் காட்டினால் முழிக்கிறார்கள்

புதுமிஸ்:
எல்லோருக்கும் வணக்கம். யூகேஜி வகுப்பு, 23 பிள்ளைகள், எனக்கு இதுதான் முதல் வருடம். அ முதல் ஃ வரை பாட்டாகப் பாடச் சொன்னால் வகுப்பே அதிரும். நேற்று ‘எ’ அட்டையைத் தனியாக எடுத்து ஒரு பையனிடம் காட்டினேன். அவன் சுவரில் தொங்கும் அட்டவணையில் அந்த வடிவத்தைத் தேடிப் பிடித்து, பிறகு அ, ஆ, இ, ஈ என்று முணுமுணுத்தபடி விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்து, ஏழாவது விரலில் நின்று “எ” என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொன்று, ‘படம்’ என்று எழுதிப் போட்டால் “ப... ட... இம்” என்கிறார்கள். சேர்த்துச் சொல்லுடா என்றால் “படயிம்”! எழுதுவது இதைவிட மோசம். புள்ளிக்கோட்டு நோட்டில் அழகாக இழுக்கிறார்கள், வெற்றுத்தாளைக் கொடுத்தால் கை நகர மாட்டேன் என்கிறது. பெற்றோர் வேறு, நோட்டு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?

கரும்பலகை:
மிஸ், அந்தப் பையன் கெட்டிக்காரன், தெரியாத எழுத்தைக் கண்டுபிடிக்க அவனே ஒரு வழி செய்து வைத்திருக்கிறான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது பாட்டு, எழுத்து இல்லை. அட்டவணையைக் கொஞ்ச நாளைக்குச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான் அகர வரிசையில் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டேன். ட, ப, ம, இந்த மூன்றில் தொடங்குவேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, ட முடிந்தது. அது முடிகிற இடத்திலிருந்து கையை எடுக்காமல் மேலே ஏற்றினால் ப. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் கையில் இருந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் என்று முழுச் சொற்கள் கிடைத்துவிடும், ஒரு ர சேர்த்தால் மரம். முதல் மாதத்திலேயே பிள்ளை தானாக ஒரு சொல்லைப் படித்துவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! உயிரெழுத்தில் ஆரம்பித்தால் அ, இ எல்லாம் சுழித்துச் சுழித்து எழுத வேண்டியவை, ஔ-வைப் பாதிப் பேர் ஒ, ள என்று தனித்தனியாகப் படிப்பார்கள், ஃ-க்கு எஃகு என்று படம் போட்டிருக்கும், எஃகு என்றால் என்ன என்று விளக்கவே ஒரு வகுப்பு போய்விடும்.

“இம்” பிரச்சினைக்குக் காரணம் நாம்தான். மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிக்க வராது என்பதற்காக இக், இங், இச் என்று சொல்லிக்கொடுக்கிறோம், அவன் அந்த ‘இ’யையும் விசுவாசமாகச் சேர்த்துப் படிக்கிறான். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். முன்னால் இருக்கும் எழுத்தின் தோளில் கை போட்டுக்கொள்ளும் என்று சொல்லுங்கள். கைதட்டிச் சொல்ல வையுங்கள்: ப-டம், இரண்டு தட்டு. பட்-டம், அதுவும் இரண்டு தட்டு. எழுத்தை எண்ணினால் மூன்றும் நான்கும் வரும், அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அட்டையைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் வெறும் காதுக்கு மட்டும் இந்த விளையாட்டு. உன் பெயருக்கு எத்தனை தட்டு, ‘ம’வில் தொடங்குகிற பெயர்க்காரர்கள் எல்லாம் எழுந்து நில்லுங்கள், இப்படி.

மூணாவது பெஞ்சு:
எழுதுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புள்ளிக்கோட்டு நோட்டை நம்பாதீர்கள். பிள்ளை அதில் எழுதுவது கிடையாது, கோட்டை மூடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், எங்கள் வகுப்பில் ஒரு குட்டிப் பிள்ளை ட-வை வலது முனையில் தொடங்கி இடப்பக்கம் வந்து பிறகு மேலே ஏறும். முடித்த பிறகு பார்த்தால் ட பிரமாதமாக இருக்கும், ஸ்டார்கூடப் போட்டுவிடுவோம். ஆனால் அந்தக் கை ப-வுக்கு வரும்போது மாட்டிக்கொள்ளும். தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி போதும், மீதியை நீங்கள் எழுதிக் காட்டுவதைப் பார்த்து எழுதட்டும்.

அப்புறம், பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறவர்களுக்கு “சரியாப் பிடி” என்று நூறு தடவை சொல்லிப் பயனில்லை. விரலில் வலு வராமல் பிடி வராது. களிமண் உருட்டட்டும், காகிதம் கிழிக்கட்டும், மணி கோக்கட்டும். கிரேயானை ஒரு அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள், அதை முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனிக்கு வந்துதான் ஆக வேண்டும். தாளைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு எழுதவிட்டால் மணிக்கட்டும் சரியாக நிற்கும். கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதினால் பதற வேண்டாம், இந்த வயதில் அது சகஜம்.

ரெட்டைப்பிள்ளை அப்பா:
அந்த நோட்டுக் கேள்வி கேட்கும் கோஷ்டியில் நானும் ஒருவன், அதனால் கேட்கிறேன். 247 எழுத்து இருக்கிறது, நீங்கள் மூன்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கைதட்டினால் எப்போது முடிப்பது? நாங்கள் எல்லாம் வரிசையாகப் படித்துத்தானே வந்தோம்? அகராதி பார்க்க வரிசை தெரிய வேண்டாமா?

கரும்பலகை:
சார், வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பாட்டு பாட்டாக இருக்கட்டும், அகராதி பார்க்கிற வயதில் அது உதவும். 247 என்ற எண் பயமுறுத்துகிற அளவுக்கு வேலை இல்லை. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் போக மீதி 216-உம் உயிர்மெய். அதில் கா, மா, பா எல்லாவற்றுக்கும் ஒரே துணைக்கால், ஒரு முறை பிடிபட்டால் பதினெட்டும் வந்த மாதிரி. 1978-இல் எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம் இருந்தது, லை, ளைக்கெல்லாம் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு போட வேண்டியிருந்தது. அந்தப் பாடு நம் பிள்ளைகளுக்கு இல்லை. கு, டு, து, மு வரிசைதான் ஆளுக்கொரு வடிவம், அதைச் சொல் சொல்லாகத்தான் பழக்க வேண்டும்.

நோட்டு காலி என்று தோன்றினால் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, தங்கைக்கு ஒரு கடிதம் எழுது என்று சொல்லிப் பாருங்கள். பாதி கிறுக்கலும் நாலு எழுத்துமாக வரும். ‘மரம்’ என்பதற்கு ‘மரமு’ என்று எழுதியிருந்தால் திருத்த வேண்டாம், காதால் கேட்டதை எழுத்தாக்கப் பார்க்கிறான், அது எங்களுக்கு இருபது பக்கம் பார்த்து எழுதியதைவிடப் பெரிசு.

ரெட்டைப்பிள்ளை அப்பா:
சரி, இன்று இரவே எழுதச் சொல்கிறேன். இரண்டு பேர் இருப்பதால் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளட்டும்.

புதுமிஸ்:
நாலு நாள் கழித்து வருகிறேன். அட்டவணையைக் கழற்றினேன், முதல் நாள் அந்தப் பையன் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவமாகிவிட்டது. ஆனால் கைதட்டலில் அவன்தான் முதல். இன்று ‘பட்டம்’ எழுதிப் போட்டேன், “பட்... டம்” என்றவன் ஒரு நொடி நின்று, “மிஸ், பட்டம்! மேல பறக்குமே அது!” என்று கத்தினான்.

ஒரு சந்தேகம் மட்டும். ‘கெ’ வரும்போது கொம்பு முன்னால் நிற்கிறதே, அதை எப்படிச் சொல்வது?

கரும்பலகை:
அது அடுத்த பருவத்துக்கு மிஸ். அப்போதும் கொம்பைத் தனியாகக் காட்டாதீர்கள், இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டி ஒரே எழுத்தாகவே காட்டுங்கள்.