குடல் தையலுக்கு மேல் ஒட்டும் பசை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு மலக்குடலில் கட்டி, கண்டியில் ஒபரேஷன். வெட்டி இணைக்கும் இடம் ஆசனவாய்க்குக் கிட்ட என்பதால் அந்த இணைப்பு வழியாக மலம் வயிற்றுக்குள் கசிய வாய்ப்புக் கூட என்றார் டொக்டர்.

மனித இரத்தத்திலிருந்து எடுக்கும், இரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன், த்ரொம்பின் என்ற புரதங்கள் கலந்த பசையையோ, அவற்றையே பூசிய குதிரைக் கொலாஜன் (குதிரையிலிருந்து எடுக்கும் ஒரு புரதம்) ஒட்டுத் துண்டையோ தையலுக்கு மேல் வைப்பார்களாம். ஆனால் கசிவை நிச்சயம் தடுக்கும் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. அதனால் கொஞ்சக் காலத்துக்கு மலம் வெளியே வந்து சேர வயிற்றின் மேல் பை வைக்கலாம் என்கிறார்கள். அம்மாவோ, "பையைக் கட்டிக்கிட்டு எப்படிக் கொழுந்து எடுக்கிறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

யாருக்காவது இந்த ஒட்டு வைத்தார்களா? வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததா? பையோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சமாளித்தவர்கள் இருந்தால் அம்மாவோடு ஒரு தடவை பேச முடியுமா? அப்புறம், காய்ச்சல், வயிற்று வலி வந்தால் நாட்டு மருந்து சொல்ல வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம்.