மறு: ‘வீக் லேயர்’ – பலவீன அடுக்கா, நொய்யடுக்கா?

குழுவினருக்கு வணக்கம். மலைப்பனிக்குள் ஒன்றோடொன்று பிடிக்காமல் கிடந்து பனிச்சரிவைக் கிளப்பிவிடும் அடுக்கை ஆங்கிலத்தில் ‘வீக் லேயர்’ (weak layer) என்கிறார்கள். கையேட்டில் அதை ‘நொய்யடுக்கு’ என்று எழுதலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> நொய் என்றால் குருணை அரிசி. பனிமலைக் கையேட்டில் கஞ்சி காய்ச்சப் போகிறீர்களா?

புலவர் ஐயா, கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தக் கஞ்சிதான் எனக்கு வேண்டும்.

என் அண்ணன் மகன் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பழகுகிறான். கம்பிவண்டியில் ஏறி இறங்குகிற வகை இல்லை. சறுக்குக்கட்டையின் அடியில், பின்னால் வழுக்காமல் இருக்க ஒட்டுத்தோலை மாட்டிக்கொண்டு தானே மலையேறி, யாரும் மிதிக்காத பனியில் சறுக்கி இறங்குகிற ஆட்டம். போன வாரம் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்தவன், “அங்கே எல்லாரும் வீக் லேயர், வீக் லேயர்னு பயப்படறாங்க, தமிழ்ல என்ன சித்தப்பா?” என்றான். ‘பலவீன அடுக்கு’ என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்னதும் எனக்கே யாரோ கட்டிலில் சோர்ந்து படுத்திருப்பது போல இருந்தது.

அந்த அடுக்கு எப்படி உண்டாகிறது என்று கேட்ட பிறகுதான் நொய் நினைவுக்கு வந்தது. பனி மெல்லிசாகக் கிடக்கும்போது அடியில் தரை பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மேலே காற்று அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். 10 செ.மீ. கனத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால், கீழிருந்து நீராவி மேலேறி, பனிமணிகள் முனையும் மூலையுமாக மாறிவிடும். அப்புறம் ஒன்றையொன்று பிடிக்காது. அள்ளினால் விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டும். ஆங்கிலம் பேசும் மலையேறிகள் இதைச் சர்க்கரை என்கிறார்கள். நம் வீட்டு முறத்தில் நொய் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சர்க்கரை எதற்கு?

ஒட்டுவது என்றால் என்ன என்பதைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பார்க்கலாம். ஐஸ் பாரை நொறுக்கிப் பெட்டியில் கொட்டி இரவு முழுக்க விட்டால், காலையில் துகளெல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக் கட்டையால் அடித்தால்தான் உடையும். மலைப்பனியும் சாதாரணமாக அப்படித்தான் இறுகும். நொய்யாகிப் போன பனி மட்டும் சீக்கிரத்தில் இறுகாது. அதன் மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த கெட்டிப்பனி பாளமாகப் படிந்துவிட்டால் ஆபத்து தயார். ஓர் ஆள் ஏறியதும் நொய் நொறுங்கும், அந்த முறிவு அடுக்கோடு ஓடும், மேலே இருக்கும் பாளம் மொத்தமாக விட்டுக்கொண்டு வரும். இதுதான் பாளச்சரிவு. இதில் மாட்டி இறப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களேதான், இல்லாவிட்டால் கூட வந்தவர்.

வீட்டில் செய்தும் பார்த்தேன். பலகையில் இரண்டு பிடி நொய், அதன் மேல் ஒரு தரை ஓடு. பலகையைத் தூக்கினால் ஓடு முழுசாக வழுக்கிப் போகிறது. இட்லி மாவைத் தடவி அதே ஓட்டை வைத்தால் அசையவில்லை. (அம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது.)

> எல்லா வீக் லேயரும் குருணையாக இருப்பதில்லையே?

உண்மை. தெளிந்த, காற்றில்லாத இரவில் பனிப்பரப்பின் மேலே இறகு போலப் படிகம் முளைக்கும். ஊட்டிப் புல்லில் உறைபனி படிகிற அதே கதை. அடுத்த பனிப்பொழிவு இதை அலுங்காமல் மூடிவிட்டால் இதுவும் வீக் லேயர்தான், குருணையே இல்லாமல். ஆனால் நொய்ம்மை என்றாலே தமிழில் மென்மை, வலுவின்மை என்றும் பொருள் உண்டு. ஆகவே நொய்யடுக்கு என்பது பொதுப்பெயராக நிற்கும். தரையையொட்டி உண்டாவதை அடிநொய் என்றும், இறகு வகையை உறைபனிப்பூ என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

பனிச்சரிவு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தபோது நம் செய்தித்தாள்கள் எழுதிய சொல் அது. அதை மாற்றக் கூடாது. சிக்கல் என்னவென்றால் மலைச்சரிவு என்று நிலத்தையும் சொல்கிறோம். ‘30 பாகைக்கு மேற்பட்ட பனிச்சரிவில் போகாதே’ என்றால் எது? எனவே நிலத்துக்குச் சாய்வு, நிகழ்வுக்குச் சரிவு. ‘30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வில்தான் பாளச்சரிவு பெரும்பாலும் நேர்கிறது’ என்று எழுதினால் குழப்பமில்லை.

நொய்யடுக்கு காலடியில் அமுங்கும்போது ‘வும்ஃப்’ என்று ஒரு சத்தம் வருமாம், கேட்டால் அந்த இடத்தைவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சேற்றில் கால் ‘பொதுக்’கென்று உள்ளே போவது ஞாபகம் வந்து ‘பொதுக்கொலி’ என்று வைத்தேன். வேகமாகச் சொன்னால் ‘பொதுக் கொலை’ என்று காதில் விழுகிறது என்கிறான் பையன். பொருத்தம்தான், ஆனாலும் வேறு யாராவது யோசியுங்கள்.

இன்னொன்று பாக்கி, நொய்யடுக்கு இருக்கிறதா என்று பார்க்கும் ‘கம்ப்ரெஷன் டெஸ்ட்’. 30 செ.மீ.க்கு 30 செ.மீ. பனித்தூணை வெட்டி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டி, எத்தனையாவது தட்டில் எந்த ஆழத்தில் முறிகிறது என்று பார்ப்பார்கள். அதற்குத் ‘தட்டுச் சோதனை’ போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். பையன் சனிக்கிழமை ரயிலேறுகிறான், தாளை அச்செடுத்துக் கையில் கொடுக்க வேண்டும்.