பம்பர சீசன், கோலி சீசன் எல்லாம் யார் முடிவு செய்தார்கள்?

டெல்டா பையன்:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி. எண்பதுகளில் கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவன் நான். கொஞ்ச நாளைக்குத் தெருவில் எல்லாப் பையன்கள் கையிலும் பம்பரம்தான் இருக்கும், சாட்டையை அரைஞாண் கயிற்றோடு சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம், ஆக்கர் வாங்காத பம்பரம் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. திடீரென்று ஒரு நாள் பார்த்தால் பம்பரமே காணோம், எல்லார் டவுசர் பாக்கெட்டிலும் கோலி கலகலக்கும். அன்றைக்கு விவரம் தெரியாமல் பம்பரத்தோடு வந்தவன் செத்தான், கேலி தாங்காது. அப்புறம் தீப்பெட்டிப் படம், அப்புறம் சோடா மூடி. போன் கிடையாது, யாரும் தண்டோரா போட்டதும் கிடையாது, ஆனால் பக்கத்து ஊர் மாமா வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே ஆட்டம். எப்படி? உங்கள் ஊரில் எந்த மாசம் என்ன ஆடினீர்கள்? காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு, நடுவில் எங்கே போனான் என்று ஒருத்தரும் தேட மாட்டார்கள், அந்தச் சுதந்திரத்தை அனுபவித்த கடைசிச் செட் நாங்கள்தான் என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். சரியான தகவலோடு பீற்றலாமே என்றுதான் கேட்கிறேன்.

வாய்க்கால் கரை:
பாதிப் பதில் வயலில் இருக்கிறது சார். நானும் உங்கள் பக்கம்தான். தையில் சம்பா அறுப்பு முடிந்தால் கிட்டிப்புள். அவ்வளவு பெரிய திடல் வருஷத்தில் வேறு எப்போது கிடைக்கும்? எந்த வயலில் உளுந்து தெளிக்கவில்லை என்ற விவரம் ஊரில் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். தாள் குத்திக் கால் கிழியும், அது கணக்கிலேயே வராது. தோற்றவன் புள் விழுந்த இடத்திலிருந்து மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓடி வர வேண்டும், நடுவில் மூச்சு விட்டால் திரும்ப அடி. சித்திரையில் நுங்கு வண்டி, வேறு எந்த மாசத்தில் சக்கரத்துக்கு நுங்கு எடுத்த காய் கிடைக்கும்? மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்தார்கள் என்று ரேடியோவில் சொன்னதும் எங்களுக்கு நிலைகொள்ளாது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் சருகும் நுரையுமாக, அவசரமே இல்லாமல், வெடிப்பு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு வரும், அதற்கு முன்னால் வெறுங்காலோடு ஓடுவோம், எங்கள் மதகு வரைக்கும் கூடவே ஓடி வந்து முதல் ஆளாகக் குதிப்பவன்தான் அந்த வருஷத்து ராஜா. தண்ணீர் முழங்கால்கூட இருக்காது, குதித்தவன் சேற்றோடு எழுந்து வருவான். அடுத்து ஆடிப்பெருக்கு, பிள்ளைகள் இழுத்துப் போகிற குட்டித் தேரான சப்பரத்தட்டி. காற்று இருக்கிறவரை பட்டம். ஐப்பசி அடைமழையில் தாயம், ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம். ஆக, இதையெல்லாம் முடிவு செய்தது மழையும் காற்றும் மேட்டூர் அணையும்தான். பம்பரமும் கோலியும் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது, அதை வேறு யாராவது சொல்லட்டும்.

திண்ணைக்காரி:
“ஒருத்தரும் தேட மாட்டார்கள்” என்றால் உங்களைத் தேட மாட்டார்கள் என்று எழுதுங்கள் அண்ணா. எங்களைத் தேடிக்கொண்டேதான் இருந்தார்கள். நொண்டிக் கட்டத்துக்குப் பக்கத்தில் தம்பிப் பாப்பாவை உட்கார வைத்து, அவன் மண்ணை வாயில் போடுகிறானா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே நொண்டியடித்த பிள்ளைகள் நாங்கள்.

சீசன் எங்களுக்கும் உண்டு. மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள், தெருவே உட்கார்ந்து புளி தட்டும், கொட்டையை நாங்கள் அள்ளிக்கொள்வோம். நல்ல தடிமனான கொட்டையாகப் பொறுக்கி, ஒரு பக்கத்தை மட்டும் கருங்கல்லில் தண்ணீர் தொட்டு, கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரிகிறவரை தேய்க்க வேண்டும். விரல் நுனி சுடும். அதுதான் எங்கள் தாயக் கட்டை. மீதி பல்லாங்குழிக்கு. அஞ்சாங்கல்லுக்கு ரோடு போடக் கொட்டியிருக்கும் ஜல்லியில் அளவாகப் பொறுக்கி முனையைத் தட்டித் தட்டி உருட்டுவோம். வீட்டுக்குள் ஆடினால் கடன் வரும் என்று ஆத்தா விரட்டும், அதனால் திண்ணை. எட்டாம் வகுப்பு லீவில் வயசுக்கு வந்தேன், தாவணி போட்டார்கள், அதோடு திண்ணையும் போச்சு. ஒரே தெரு, ஒரே வயசு, எதிர்வீட்டுப் பையன் காலேஜ் போகிறவரை கோலி ஆடினான்.

கரிசல்:
நான் சாத்தூர் பக்கம். எங்களுக்கு இரண்டே சீசன், வேலை நாளும் லீவு நாளும்தான். விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும், தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து ஏற்றிவிட்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கட்டை என்கிற மரச் சட்டத்தில் வரிவரியாகக் குச்சி அடுக்க வேண்டும், ஒரு கட்டைக்கு இவ்வளவு என்று கூலி, சின்னக் கைக்குத்தான் வேகம் வரும் என்பார்கள். நீங்கள் சேர்த்து வைத்து விளையாடிய தீப்பெட்டிப் படங்களில் எத்தனையோ எங்கள் தெருப் பிள்ளைகள் பசை தடவி ஒட்டியதாக இருக்கும். அதைச் சேர்த்து வைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, கண்ணை மூடினாலே அந்தப் படம்தான். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, வந்த மறுநாளே பஸ் நின்றுவிடவில்லை.

விளையாடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பங்குனிப் பொங்கலுக்கு ஆபீஸ் லீவு. அன்றைக்கு பம்பரம், கோலி, கிட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆடித் தீர்ப்போம், சீசன் பார்க்க நேரம் ஏது? சுதந்திரம் பற்றிக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் படுத்துக்கிடந்ததுதான். சும்மா படுத்துக்கிடப்போம்.

வடமராட்சி:
ஆடிக் காற்றில் பட்டமா? யாழ்ப்பாணத்தில் எங்கட பக்கம் மார்கழி, தையில் வீசும் வாடைக்காற்றுக்குத்தான் பட்டம். கொக்கு, பிராந்து, படலம், எட்டுமூலை என்று எத்தனை வகை. காற்றில் ஒலி எழுப்பும் விண் கட்டி ஏற்றி, நூலைப் பூவரசில் கட்டிவிட்டுப் படுத்தால் விடிய விடிய கூவும், எந்தப் பட்டம் யாருடையது என்று சத்தத்தை வைத்தே பாயில் படுத்துக்கொண்டு சொல்லுவோம். பக்கத்து வீட்டு ஐயா நித்திரை இல்லாமல் ஏசுவார். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி இப்பவும் நடக்கிறது, போன வருடம் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆனால் 1983 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளைத் தேடாத வீடு எங்களிடம் இல்லை, கொஞ்சம் பிந்தினால் அம்மா ஒழுங்கை முகப்பில் நிற்பார். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, பற்றரி வரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்போம். பெரிய ஆட்கள் செய்திக்காகக் காத்திருக்க, நாங்கள் பெடியள் யார் நிறுத்தாமல் அதிக நேரம் சுற்றுவது என்று பந்தயம் பிடிப்போம். ஒருத்தன் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பான், ரேடியோ மங்கும், பெரியப்பாவின் குட்டு விழும்.

டெல்டா பையன்:
ஏகாதசி பரமபதம் எனக்கு மறந்தே போயிருந்தது, நன்றி. திண்ணைக்காரி சொன்னதைப் படித்துவிட்டு என் தங்கையிடம் கேட்டேன், “இப்பத்தான் உனக்குத் தெரியுதா?” என்றாள், மேலே பேச்சில்லை. கரிசல், தீப்பெட்டிப் படம் ஒரு டப்பா நிறைய இன்னும் என்னிடம் இருக்கிறது, எடுத்துப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. சரி, பம்பரம், கோலிக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே?

பெட்டிக்கடை வாரிசு:
நான் சொல்கிறேன், எங்கள் அப்பா உங்கள் பக்கத்தில்தான் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழா முடிந்து கடை பிரிக்கும்போது மிஞ்சின பம்பரத்தை மொத்தமாக அடிமாட்டு விலைக்கு எடுப்பார். கோலி கும்பகோணத்து மொத்தக் கடையில் மூட்டையாக வாங்குவார். இரண்டையும் ஒன்றாக விற்பனைக்கு வைக்க மாட்டார், ஒன்று தீர்கிறவரை இன்னொன்று பரணில். பம்பரம் தீரும் நேரம் பார்த்து என்னையும் தம்பியையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கை கோலியைக் கொடுத்து, “போய்த் தெருமுனையில் ஆடுங்கடா, கடை வாசலில் ஆடாதீங்க” என்பார். மறுநாள் காலையில் கடையில் கூட்டம். பக்கத்து ஊர்க் கடைக்காரரும் அதே மொத்தக் கடைக்குத்தான் வருவார், அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது புரிகிறதா உங்கள் மாமா ஊரிலும் ஏன் அதே ஆட்டம் என்று? ஊர் முழுக்க ஏதோ காற்றில் வந்த சேதி என்று நினைத்தது, எங்களுக்கு அது சாயங்கால வேலை, கூலி அந்தக் கோலிதான்.

டெல்டா பையன், எந்த ஊர் என்று சொல்லுங்கள். அப்பாவின் கடன் நோட்டு அண்ணன் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, உங்கள் பேரில் பாக்கி இருந்தால் வட்டி வேண்டாம், அசலை மட்டும் கொடுங்கள்.