ஏசாவுக்கு ஒன்றும் மிச்சமில்லையா? ஆதியாகமம் 27 பற்றி ஒரு கேள்வி

உப்புவெளி மூத்தவள்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலையில் 18 வருடமாகப் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒன்பது வயது இரட்டைப் பையன்கள் இருவர் இருக்கிறார்கள். மூத்தவன் ஏழு நிமிடம் முந்திப் பிறந்தவன். அதைத் தம்பி மறந்துவிட அவன் விடுவதே இல்லை.

போன ஞாயிறு பாடம், வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 27ஆம் அதிகாரம். ஈசாக்கு, ரெபேக்காளின் இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவன் ஏசாவுக்குரிய தகப்பனின் ஆசீர்வாதத்தை இளையவன் யாக்கோபு ஏமாற்றி வாங்குகிற கதை. ஏசாவின் உடம்பு ரோமம் அடர்ந்தது. ரெபேக்காள் ஆட்டுக்குட்டித் தோலை யாக்கோபின் கையில் போர்த்துவிட்டது, கண் மங்கிய ஈசாக்கு தடவிப் பார்த்து “சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்” என்றது, இதெல்லாம் பிள்ளைகளுக்கு எப்போதும் பிடிக்கும். ஏசா வேட்டையிலிருந்து வந்து கதறுகிற இடத்தில் மூத்தவன் எழும்பி நின்றான். “டீச்சர், அப்பாட்ட இன்னொரு ஆசீர்வாதம் இருக்கேல்லையா? ஏசாவுக்கு ஒன்றும் மிச்சமில்லையா?” அடுத்த கிழமை சொல்கிறேன் என்று பாடத்தை முடித்துவிட்டேன்.

கேள்வி அவனுடையது மட்டும் இல்லை. நானும் வீட்டில் மூத்தவள். எனக்குப் பின் தங்கச்சி, கடைசி தம்பி. புதுவருட இரவு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா எங்கள் மூவரையும் வரிசையாக முழங்காலில் இருத்தித் தலையில் கைவைத்து ஜெபிப்பார். எப்போதும் நான்தான் முதல். துறைமுகத்தில் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அது. உச்சியில் வைத்து எடுக்கும்போது இரண்டு மூன்று மயிர் சிக்கிக்கொண்டு வரும். அவருடைய கடைசிப் புதுவருடம் 2008. கண்ணில் புரை முற்றியிருந்தது. கையை நீட்டித் துழாவினார், என் தலையைத் தொட்டார், அதைத் தாண்டிப் போய்த் தம்பியின் தலையில் வைத்தார். அப்புறம்தான் எனக்கு. அந்தப் பங்குனியில் அப்பா போய்விட்டார்.

வீடு, காணியில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. என் கலியாணத்தோடு எனக்கு உறுதி எழுதித் தந்தார்கள், அம்மா இருந்த வீடு தங்கச்சிக்குப் போனது. அந்தக் கை தாண்டிப் போனதுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

சேஷ்டபுத்திரபாகமும், அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையும், ஆசீர்வாதமும் ஒன்றா, இரண்டா? முன்னொரு நாள் பசியில் பயற்றங்கூழுக்கு அந்த உரிமையைத் தம்பியிடம் விற்ற ஏசா, ஆசீர்வாதத்தையும் சேர்த்து விற்றுவிட்டானா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அந்தப் பிள்ளையிடம் மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

ஓர்ஸ்ஹில் வாத்தியார்:

பிள்ளை, அந்தச் சின்னவன் கேட்டது ஏசா தானே கேட்ட கேள்வி. 38ஆம் வசனத்தைப் பாருங்கள், “இந்த ஒரே ஆசீர்வாதம்தானா உம்மிடத்தில் இருக்கிறது” என்றுதான் அவன் அழுகிறான்.

இரண்டும் வேறு வேறு. 36ஆம் வசனத்தில் ஏசாவே பிரித்துச் சொல்கிறான்: அன்று அதை எடுத்தான், இன்று இதையும் எடுத்தான் என்று. மூலமொழியான எபிரேயத்தில் சேஷ்டபுத்திரபாகம் பெகோரா, ஆசீர்வாதம் பெராகா. இரண்டுக்கும் வேர் எழுத்துகள் அதே மூன்றுதான், பின்னிரண்டும் இடம் மாறியிருக்கும். தமிழில் சேஷ்டபுத்திரபாகம், ஆசீர்வாதம் என்று படிக்கும்போது அந்த ஓசை நம் காதில் விழுவதில்லை. அழுகிறவனின் வாயில் இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று மோதுகிற இடம் அது.

பெகோரா பங்கு சம்பந்தப்பட்டது. மோசேயின் சட்டங்கள் உள்ள உபாகமம் 21:17இன்படி மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. இரண்டு ஆண்பிள்ளைகள் என்றால் சொத்தை மூன்றாக்கி மூத்தவனுக்கு இரண்டு, இளையவனுக்கு ஒன்று. மூன்று பேர் என்றால் நான்காக்க வேண்டும். எலிசா தன் குருவான தீர்க்கதரிசி எலியாவிடம் ஆவியின் இரட்டிப்பான பங்கு கேட்கிறானே, அங்கேயும் இதே சொற்றொடர்தான் வருகிறது. எலியாவைவிட இரண்டு மடங்கு வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, மூத்த மகனுக்குரிய பங்கைத்தான் கேட்டான். இதைப் பிரசங்கத்தில் பலர் தவறாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அதே உபாகமப் பகுதியில் இன்னொன்று இருக்கிறது. ஒருவனுக்கு இரண்டு மனைவிகள், ஒருத்தி விருப்பமானவள், மற்றவள் வெறுக்கப்பட்டவள். தலைப்பிள்ளை வெறுக்கப்பட்டவளின் மகன் என்றால், அவனை விட்டுவிட்டு விருப்பமானவளின் மகனைத் தலைப்பிள்ளை ஆக்கக் கூடாது என்கிறது சட்டம். யாக்கோபு செய்தது அதைத்தானே! ஆதியாகமம் 29:31இல் அவனுடைய முதல் மனைவி லேயாள் “அற்பமாய் எண்ணப்பட்டாள்” என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். லேயாளின் தலைமகன் ரூபன். ஆனால் இரட்டைப் பங்கு விருப்பமான மனைவி ராகேலின் மகன் யோசேப்புக்குப் போனது, அவனுடைய இரண்டு பிள்ளைகளும் இரண்டு கோத்திரமானார்கள். ரூபன் தகப்பனின் மஞ்சத்தைத் தீட்டுப்படுத்தியதுதான் காரணம் என்று 1 நாளாகமம் 5 சொல்கிறது. ஆளுகையோ லேயாளின் இன்னொரு மகன் யூதாவுக்கு. ஆக, ரூபனுக்குரியது முழுதாக ஒரு கைக்குப் போகவில்லை.

இனி அந்தப் பிள்ளைக்கு. யாக்கோபு ஏமாற்றி வாங்கியதில் என்ன இருந்தது? வானத்துப் பனி, மண்ணின் கொழுமை, தானியம், திராட்சரசம், சகோதரர்மேல் அதிகாரம். ஈசாக்கின் தகப்பனும் கடவுளின் வாக்கைப் பெற்றவருமான ஆபிரகாமின் பெயர் அதில் இல்லை. அது வருவது 28:3-4இல், யாக்கோபை வழியனுப்பும்போது. அங்கே தோலும் இல்லை, வேஷமும் இல்லை. யாக்கோபு என்று தெரிந்தே ஈசாக்கு கொடுக்கிறார். ஏசாவுக்கும் காணி உண்டு. உபாகமம் 2:5இல், வனாந்தரத்தில் நடந்து வருகிற யாக்கோபின் வம்சமான இஸ்ரவேலரைப் பார்த்துக் கர்த்தர் சொல்கிறார்: சேயீர் மலைநாட்டை ஏசாவுக்குக் கொடுத்துவிட்டேன், அதில் ஓர் அடி நிலமும் உங்களுக்கு இல்லை. எபிரேயத்தில் ‘உள்ளங்கால் மிதிக்கிற அளவுகூட’ என்று இருக்கிறது.

கிண்ணியா வாசகி:

அக்கா, வீடு பெண்பிள்ளைக்கு என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரிலும் அதேதான். எனக்கு ஒரு சந்தேகம். இந்த மூத்தவர் கணக்கில் பெண்கள் எங்கே? செலொப்பியாத் என்பவரின் ஐந்து மகள்கள் மோசே முன்னால் வந்து, எங்கள் வாப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக அவர் பெயர் அற்றுப்போகலாமா, எங்களுக்குக் காணி தாருங்கள் என்று கேட்டதைப் படித்திருக்கிறேன். வேறு இடம் உண்டா?

ஓர்ஸ்ஹில் வாத்தியார்:

மகள், அது எண்ணாகமம் 27. அவர்கள் கேட்டது சரி என்றே பதில் வந்தது. பிறகு 36இல், தகப்பனின் கோத்திரத்துக்குள்தான் கலியாணம் செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை. யோபுவின் கடைசி அதிகாரத்தில் மூன்று பெண்களுக்கும் சகோதரர் நடுவே சுதந்தரம் கிடைக்கிறது. ஆனால் இரட்டைப் பங்குச் சட்டம் ஆண்பிள்ளையைப் பற்றியது மட்டுமே. மூத்த மகளுக்கு பெகிரா என்று தனிச்சொல் இருக்கிறது. ராகேலைக் கேட்ட யாக்கோபுக்கு முதலில் லேயாளைக் கொடுத்த அவர்களின் தகப்பன் லாபான், அதைத்தான் யாக்கோபின் முகத்துக்கு நேரே சொல்கிறான்: மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. அண்ணனை முந்தியவனுக்கு அந்தச் சொல் எப்படி இறங்கியிருக்கும்!

நிலாவெளி இளையவன்:

அக்கா, நான் வீட்டில் இரண்டாவது. உங்கள் அப்பாவின் கையைப் பற்றிப் படித்தபோது ஆதியாகமம் 48தான் நினைவு வந்தது. யாக்கோபுக்கு அப்போது கண் மங்கிவிட்டது, ஈசாக்குக்கு மங்கியதுபோலவே. யோசேப்பு தன் மூத்த மகன் மனாசேயை அவருடைய வலதுகைப் பக்கம் வாகாகக் கொண்டுபோய் நிறுத்துகிறான். கிழவர் கையைக் குறுக்காகப் போட்டு வலதுகையை இளையவன் எப்பிராயீமின் தலையில் வைக்கிறார். யோசேப்புக்குப் பொறுக்கவில்லை, தகப்பனின் கையைப் பிடித்து நகர்த்தப் பார்க்கிறான். அவர் சொல்வது, “தெரியும், என் மகனே, எனக்குத் தெரியும்.” மனாசேயும் பெரிய ஜனமாவான் என்றும் சொல்கிறார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் இரண்டு தலையில் இருந்தன அக்கா. யூத வீடுகளில் இன்றும் வெள்ளி இரவில் ஆண்பிள்ளைகளை இந்த இருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் ஆசீர்வதிக்கிறார்கள்.

உப்புவெளி மூத்தவள்:

வாத்தியார் ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. 48ஐ எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். யோசேப்பு தகப்பனின் கையைப் பிடித்தான் என்பதில் ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. நான் அன்று பிடிக்கவில்லை. “அப்பா, மூத்தவள் இங்கே” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தெரியும் பிள்ளை என்று சொல்லியிருப்பாரோ, ஐயோ என்று கையைத் திருப்பியிருப்பாரோ. எதுவாக இருந்தாலும் அவர் வாயால் கேட்டிருப்பேன். நேற்று இதைத் தங்கச்சியிடம் முதல்முறை சொன்னேன். அவள் கவனிக்கவே இல்லையாம். அப்பாவின் கை நடுங்கியது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது.

இன்று வகுப்பில் உபாகமம் 2:5ஐ வாசித்தேன். மூத்தவன் வேதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். உள்ளங்கால் மிதிக்கிற அளவு என்றால் எவ்வளவு டீச்சர் என்று கேட்டான். செருப்பைக் கழற்றிச் சீமெந்துத் தரையில் வை என்றேன். வைத்தான். நான் சொல்லாமலே தம்பிக்காரன் சோக்கை எடுத்துக்கொண்டு குனிந்து, அண்ணனின் காலைச் சுற்றிக் கோடு போட்டான். பெருவிரல் இடுக்கில் சோக் போகவில்லை, விரலை விரி என்று அதட்டினான்.