தீவில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

தீவுக்கு விடுமுறை போனால் ஸ்கூட்டர் எடுக்காமல் முடிவதில்லை. பேருந்து வந்தால்தான் உண்டு, டாக்சிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

தாய்லாந்தின் கோ சாமுய் தீவில் நாங்கள் போன கடையில் எடுத்த எடுப்பிலேயே பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். வண்டி திரும்பி வரும்வரை அவர்களிடமே இருக்குமாம். தரமாட்டேன் என்றேன். அது கடைக்காரர் இழுப்பறையில் இருக்கும்வரை, எந்தத் தகராறு வந்தாலும் அவர் சொல்வதுதான் கணக்கு. நகலும் முன்பணமும் தருகிறேன் என்றதற்கு முகத்தைச் சுளித்தார். சரி, பக்கத்துக் கடையைப் பார்ப்போம் என்று நடந்தோம். பின்னாலிருந்து கூப்பிட்டு ஒத்துக்கொண்டார்.

கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி நிதானமாக வீடியோ எடுத்தேன், கடைக்காரரும் படத்தில் விழும்படி. பக்கவாட்டை எல்லோரும் எடுப்பார்கள். சண்டை வருவது வேறு இடங்களில்: கண்ணாடியின் ஓரம், பிரேக் லீவர் நுனி, சைலன்சர் மூடி, கால் வைக்கும் தட்டின் அடிப்பக்கம், சக்கர விளிம்பு. திருப்பிக் கொடுத்தபோது அந்த ஆள் நேராகக் குனிந்து தட்டின் அடியில்தான் பார்த்தார், அங்கே ஒரு கீறலையும் காட்டினார். வீடியோவை அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினேன். பேசாமல் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார், கோபம்கூடப் படவில்லை. கேட்டுப் பார்ப்பது அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

*

நீங்கள் சொன்னது பணத்தோடு போகிற விஷயம், அண்ணா. என் கூட வந்த நண்பர் விழுந்தே விட்டார். கடற்கரைச் சாலை வளைவில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது, அதன்மேல் முன் பிரேக்கைப் பிடித்தார், கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. பயணக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். மருத்துவமனை ரசீதுகளை அனுப்பியதும் காப்பீட்டுக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இருசக்கர வாகனம் ஓட்ட அவருக்கு அனுமதி இருந்ததா?

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அவர் கையில் இருந்தது. ஆனால் அதில் முத்திரை கார் பிரிவான 'பி'யில் மட்டும். மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' காலியாக இருந்தது. ஸ்கூட்டருக்கும் அந்த 'ஏ'தான் வேண்டும், கியர் இல்லையே என்ற வாதமெல்லாம் எடுபடவில்லை. மொத்தச் செலவும் அவர் தலையில். கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார் என்பதற்காக உங்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவருக்கு வண்டி ஓடினால் போதும்.

போகிறவர்களுக்கு இன்னொன்று. இந்த அனுமதிப் புத்தகம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று என இரண்டு வகை. முதல் வகை ஓராண்டுதான் செல்லும். போகிற நாடு எதை ஏற்கிறது என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள், நம் ஊரில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தையும் கூடவே வைத்திருங்கள். காப்பீட்டுத் தாளிலும் எத்தனை சிசி வரை என்ற வரியைத் தேடிப் படியுங்கள். ஹெல்மெட் போடாமல் விழுந்தாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும் கைவிரிப்பதற்கு அதிலேயே இடம் வைத்திருப்பார்கள்.

*

கிரேக்கத் தீவு ஒன்றில் எங்களுக்கு நேர் எதிர். 'ஏ' பிரிவு இல்லை என்று கடையிலேயே மறுத்துவிட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது, மேலே உள்ளதைப் படித்தபின் இல்லை. அங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாலி, புக்கெட் என்றால் இடப்பக்கம். வளைந்து திரும்பியதும் கை தானாகப் பழைய பக்கத்துக்குப் போகும்.

*

ஸ்கூட்டர் பழுது பார்ப்பது எங்கள் குடும்பத் தொழில், அதனால் நான் கொஞ்சம் நீட்டுவேன். வாடகை வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உப்புக் காற்றில் நின்ற வண்டி. பிரேக் லீவரை அழுத்திப் பாருங்கள், கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வந்தால் வேண்டாம். டயரில் வரிப்பள்ளம் மழுங்கியிருக்கிறதா, பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பின்னால் ஒரு சுவர் இருந்தால் பிரேக் விளக்கு எரிவது அதில் தெரியும். அப்புறம் கடை வாசலிலேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள், ஹேண்டில் ஆடினால் வேறு வண்டி கேளுங்கள்.

மலைத் தீவுகளில் இறக்கம்தான் வினை. கியர் இல்லாத வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு வேகம் குறைந்தால், கிளட்ச் விட்டுவிடும். எஞ்சின் பிடிமானம் போய் வண்டி சும்மா உருளும், பாரம் முழுவதும் பிரேக்மேல். நெடுக அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். எங்கள் கண் முன்னாலேயே ஒரு தம்பதி, இருவரும் பெரிய உடம்பு, பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினார்கள். கீழே வரும்போது புகைவாடை. நல்லவேளை, அடிவாரத்தில் சமதளம் இருந்தது. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கிளட்ச் மறுபடி பிடிக்கும். மணல் கிடந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், மணல்மேல் பிரேக்கைத் தொடாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது வண்டியைத் தள்ளாதீர்கள். கைப்பிடியைப் பிடித்து இழுக்கும்போது ஆக்சிலரேட்டர் திருகிக்கொள்ளும், வண்டி உங்களை இழுத்துக்கொண்டு சுவரில் போய் முட்டும். ஓட்டிப் பழகியவர்களுக்கும் இது நடக்கிறது.

*

அக்கா சொன்னதோடு சைலன்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அது வலப்பக்கம். என் தங்கை அரைக்கால் சட்டையோடு அந்தப் பக்கமாக இறங்கிக் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டாள். விடுதியில் ஒருவர் பற்பசையோடு ஓடி வந்தார், அதெல்லாம் தடவக் கூடாது. ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினோம், பிறகு மருத்துவரிடம் போனோம். இடப்பக்கமாக இறங்குங்கள், முடிந்தால் முழுக்கால் சட்டை போடுங்கள்.

*

வண்டியை வாங்கியதும் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் வரிசையாக நிற்பதெல்லாம் ஒரே நிறம், ஒரே மாடல். தேய்ந்த பூட்டில் அடுத்தவர் சாவியும் திரும்பும். நாங்கள் குளித்துவிட்டு வந்தபோது ஒரு குடும்பம் எங்கள் வண்டியைக் கிளப்பி, பையையும் மாட்டி, குழந்தையை முன்னால் நிறுத்தியிருந்தது. "இது எங்களுடையது" என்று அவர்கள் வாதாட, நாங்கள் இருக்கையைத் தூக்கி உள்ளே கிடந்த எங்கள் மழைக்கோட்டைக் காட்டினோம். குழந்தை மட்டும் இறங்க மறுத்துவிட்டது.