விசிறி இரைச்சலுக்கு ஒரு சொல்: ‘தணியோட்டம்’

வணக்கம். கணினி விசிறிக்கு வேண்டுமென்றே குறைந்த மின்னழுத்தம் கொடுத்து இரைச்சலை அடக்கும் முறைக்கு நம் குழுவில் ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘மின்னழுத்தக் குறைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் மினுங்கினால் அது மின்னழுத்தக் குறைவு. தானாக வருகிற கேடு அது. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: 12 வோல்ட்டில் சுற்றவேண்டிய கணினி விசிறிக்கு வேண்டுமென்றே 7 வோல்ட் கொடுத்து, இரைச்சலை அடக்குவதற்கு. குறைவு, குறைப்பு இரண்டையும் பேச்சில் பிரித்துக் கேட்பது கஷ்டம். தவிர, 230 வோல்ட்டை 12 ஆக்கும் பவர் சப்ளை செய்வதும் குறைப்புதானே?

> ‘இறக்கம்’ எப்படி?

இறக்கு மின்மாற்றி என்று பள்ளியில் படித்திருக்கிறோம், நல்ல சொல். ஆனால் மின்னழுத்த இறக்கம் என்றால், மின்தடையிலோ டையோடிலோ (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் சிறு பாகம்) விழுகிற வோல்டேஜ் என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது. விசிறிக் கம்பியில் தொடராக டையோடு சேர்ப்பவர்கள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.7 வோல்ட் விழும் என்று அந்த இறக்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். வழிக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்தால் விளக்கம் எழுதுகிறவர் திணறிப்போவார்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்கிறேன். ஆடிக் காற்றுக்கு ஜன்னலைச் சாத்திவிடலாம். மேசைக்கடியில் இருக்கும் கணினிப் பெட்டியின் உறுமலை என்ன செய்வது? ஒவ்வொரு பதிவிலும் அது ஏறிவிடும். விசிறியின் வேகம் பாதியானால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்கும், காற்றோ பாதிதான் குறையும். 7 வோல்ட்டில் ஓடவிட்ட அன்றைக்குத்தான் என் குரலை மட்டும் தனியாகக் கேட்டேன். அதனால் இதற்கு ஒரு நல்ல பெயர் கிடைக்கவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

எங்கள் அம்மை அக்கானி (பதநீர்) காய்ச்சும்போது, பொங்கி வந்தால் ‘தீயத் தணி’ என்பார். அணை என்று சொல்லமாட்டார். அடுப்பு எரியவேண்டும், ஆனால் அடங்கி எரியவேண்டும். நமக்கு வேண்டிய பொருள் அப்படியே அதில் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: தணியோட்டம். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. ‘விசிறியைத் தணித்து ஓட்டு’ என்று வினையாகவும் வாயில் வரும். வினையாக வராத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

> விசிறி இருப்பதே வெப்பத்தைத் தணிக்க. அதையே தணிப்பதா?

நல்ல கேள்வி அக்கா. அதனால்தான் வெறும் ‘தணிப்பு’ என்று விடாமல் ‘ஓட்டம்’ சேர்த்தேன். தணிவது ஓட்டம், வெப்பம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நான்கு கம்பி விசிறிகளை இதில் சேர்க்கலாமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவற்றில் மின்னழுத்தம் 12 வோல்ட்டிலேயே நிற்கும். நான்காவது கம்பியில் நொடிக்கு 25,000 முறை அளவில் வரும் துடிப்பின் அகலம்தான் வேகத்தை முடிவு செய்கிறது. அதற்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்ற சொல் இருக்கிறது. ஆகவே அவை இதில் சேரா; சொல்லின் விளக்கத்தில் ‘மின்னழுத்தத்தைத் தணித்து’ என்று தெளிவாக எழுதிவிடுவோம்.

இன்னொன்றும் விளக்கத்தில் வரட்டும். பவர் சப்ளையின் மஞ்சள் கம்பிக்கும் (12 வோல்ட்) சிவப்புக் கம்பிக்கும் (5 வோல்ட்) நடுவே விசிறியை மாட்டி 7 வோல்ட் எடுப்பது (12-இல் 5 போக மிச்சம்) பலருக்கும் தெரிந்த குறுக்குவழி. அதில் விசிறியின் மின்னோட்டம் 5 வோல்ட் கம்பிக்குள் திரும்பிப் போகிறது. விசிறிக்குள் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் அங்கே ஏறி மற்றப் பாகங்களைக் கெடுத்துவிடலாம். பெயர் வைக்கிற நாம் எச்சரிக்கையையும் சேர்த்தே வைப்போம்.

அப்புறம், ஒரு துணைச்சொல் பாக்கி இருக்கிறது. 5 வோல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் விசிறி, ஒருமுறை நின்றுவிட்டால் அதே 5 வோல்ட்டில் மறுபடி கிளம்பாமல் போகலாம். நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டிய குறைந்தபட்ச வோல்டேஜுக்குத் ‘தொடக்க மின்னழுத்தம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘கிளம்பு மின்னழுத்தம்’ இன்னும் உயிரோடு இருப்பதாக இப்போது எழுதும்போது தோன்றுகிறது. மோட்டார் வேலை பார்க்கிறவர்கள் குழுவில் இருந்தால், பட்டறையில் இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.